திங்கட்கிழமை மட்டும்

அடையாறில் உள்ள அந்த ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் பியாட்ரிஸ் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. இப்போது ஐம்பத்தொன்று. இடையில் கட்டடத்துக்கு இரண்டு மாடி கூடியது, ரசீதுப் புத்தகம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, டோக்கன் எண்ணைப் பெண் குரலில் கூப்பிடும் பெட்டி வந்தது. மாத்திரை அட்டைகளைப் போட்டுத் தரும் பழுப்புக் காகித உறை மட்டும் மாறவில்லை. எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று அந்த உறையின் மேல் பேனாவால் எழுதித் தருவதும் மாறவில்லை.

பியாட்ரிஸின் எழுத்து உருண்டையாக, பெரிதாக இருக்கும். கண்ணாடி இல்லாமலே படிக்கலாம் என்று வயதானவர்கள் அவள் கவுன்டருக்காகவே காத்திருப்பார்கள். அவள் வேகமான ஆளில்லை. ஒரு மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தரம், உறையில் போடும்போது ஒரு தரம், நோயாளியின் கையில் கொடுக்கும்போது ஒரு தரம் பெயரைப் படிப்பாள். ஒரு குழந்தைக்கு டாக்டர் எழுதிய அளவில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்து, அந்த டாக்டரை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போனுக்கு வரவழைத்ததுண்டு. அதைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் பேசியதில்லை. தன் ஜாக்கிரதை முழுவதையும் ஆஸ்பத்திரியிலேயே செலவழித்துவிட்டு வருபவள் போல, வீட்டில் பாலைப் பொங்கவிடுவாள். ரயிலில் குடையை விட்டுவிட்டு வருவாள். அவள் கணவர் லியோனார்ட் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். வருஷத்துக்கு மூன்று குடை வாங்கித் தருவார்.

அது அக்டோபர் மாதம், ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மருந்தகத்தின் முன்னால் நிற்க இடமில்லை. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் இரண்டு மாத மருந்தாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விஜயலக்ஷ்மி என்கிற அறுபத்தெட்டு வயது அம்மாளுக்கான சீட்டை அவர் மகன் ஸ்ரீநாத் நீட்டினான். முடக்குவாதத்துக்கான சீட்டு. அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். பெரிய அளவில் கொடுத்தால் புற்றுநோய்க்கான மருந்து. மூட்டு வீக்கத்துக்குச் சின்ன அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் தருவார்கள். மற்றது ஃபோலிக் ஆசிட் என்னும் வைட்டமின். முதல் மருந்து உடம்பைக் கெடுக்காமல் இருக்க அதை மற்ற ஆறு நாளும் சாப்பிட வேண்டும். இரண்டும் மஞ்சள் நிற மாத்திரை.

மெத்தோட்ரெக்ஸேட்டைத் தனியே ஒருவர் எடுத்துக் கொடுக்க முடியாது. இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பக்கத்து கவுன்டர் சூடாமணி வந்து அட்டையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், எண்ணிக்கையைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எல்லாம் சரியாகவே இருந்தது. பியாட்ரிஸ் இரண்டு உறைகளை எடுத்து எழுதினாள். ஒன்றில், ‘திங்கட்கிழமை மட்டும் – 2 மாத்திரை’. இன்னொன்றில், ‘தினமும் 1 – காலை – திங்கள் வேண்டாம்’. அப்போது வார்டிலிருந்து போன் வந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பதில் சொல்லியபடியே அட்டைகளை உறைகளில் போட்டாள்.

நோயாளிக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டித்தான் தர வேண்டும். அவள் உறையைக் கையில் எடுத்தாள். “காட்டிடறேன் சார், ஒரு நிமிஷம்” என்றாள்.

“நீங்கதான் எழுதியிருக்கீங்களே. கார் நோ பார்க்கிங்ல நிக்கறது. நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி ஸ்ரீநாத் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பெட்டி அடுத்த எண்ணைக் கூப்பிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, பியாட்ரிஸுக்கு வார்டு முறை. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு நோயாளியும் வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துகளை மருந்தகத்து ஆள் ஒருவர் போய்ப் பார்த்து, என்னென்ன உண்மையில் உள்ளே போகிறது என்று எழுதி வைக்க வேண்டும். நாலாவது மாடி, பதினேழாம் படுக்கை. சீட்டில் ‘காய்ச்சல், டெங்கு சந்தேகம்’ என்று போட்டிருந்தது. மழைக்காலம், வார்டில் பாதிப் பேருக்கு அதுதான். நாலாயிரத்துக்குக் குறையக்கூடாத வெள்ளை அணுக்கள் ஆயிரத்து நூறு, தட்டணுக்களும் விழுந்துகொண்டிருந்தன.

விஜயலக்ஷ்மி கண்ணை மூடிப் படுத்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. வாய்க்குள் புண், வார்த்தை பேச முடியவில்லை. மகன் கீழே அட்மிஷன் வேலையாகப் போயிருந்தான். படுக்கைப் பக்கத்து மேஜையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. பியாட்ரிஸ் அதைத் திறந்தாள். மேலாக இருந்த உறையில் தன் எழுத்தைப் பார்த்தாள்.

‘தினமும் 1 – காலை – திங்கள் வேண்டாம்.’

உள்ளே மெத்தோட்ரெக்ஸேட். ஒரு அட்டை முழுவதும் காலி, பத்துக் குழியும் கிழிந்திருந்தன. இன்னொரு அட்டையில் ஆறு மாத்திரை தொடாமல் இருந்தன. பியாட்ரிஸ் அந்தக் காலி அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு விரலால் நாள்களை எண்ணினாள். சனி, ஞாயிறு, திங்களை விட்டு, செவ்வாய், புதன்... இன்று காலையோடு பத்து. அந்த அம்மாள் ஒரு நாள் கூடத் தவறாமல் எழுதியபடியே சாப்பிட்டிருந்தார்.

அவளுக்கு நெஞ்சு படபடக்கவில்லை. கை நடுங்கவில்லை. அதை அவளே கவனித்தாள். வார்டில் யாரோ ஒரு நோயாளியின் உறவினர் போனில் தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தது தெளிவாகக் காதில் விழுந்தது. அட்டைகளை உறை மாற்றிப் போட்டுவிட்டால் போதும், ஐந்து விநாடி வேலை, நோயாளியே குழம்பிச் சாப்பிட்டுவிட்டார் என்று எல்லாரும் நம்புவார்கள், மாதம் ஒன்றாவது அப்படி நடக்கிறது என்கிற கணக்கும் மனசில் ஓடியது. வேறு யாரோ போட்டுக் காட்டிய கணக்கு மாதிரி அதைப் பார்த்தாள். டப்பாவை மூடிக் கையோடு எடுத்துக்கொண்டு நர்ஸ் மேஜைக்குப் போய் டாக்டர் நிரஞ்சனைப் போனில் கூப்பிட்டாள்.

“சார், பதினேழாம் பெட். டெங்கு இல்ல சார். மெத்தோட்ரெக்ஸேட். பன்னண்டு நாள்ல பத்து மாத்திரை போயிருக்கு.”

“வாரத்துக்கு ஒரு தடவைதானே அது? அவங்களே மாத்திச் சாப்பிட்டாங்களா?”

“இல்ல சார். உறை மாறிப்போச்சு. நான்தான் போட்டேன்.”

டாக்டர், “ஃபோலினிக் ஆசிட் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார்.

“பன்னண்டு குப்பி இருக்கு சார். நாளைக்குள்ள இன்னும் வரவழைக்கறேன்.”

“மேல அனுப்புங்க. இப்பவே.”

அவள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். ஃபோலினிக் ஆசிட் அந்த விஷத்துக்கு மாற்று. ஆனால் ஃபோலிக் ஆசிட் என்பதோடு ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் கை மாறினால் அதுவும் போகும். அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து சூடாமணியிடம் நீட்டி, “வாய்விட்டுப் படி” என்றாள்.

“ஃபோலினிக். இன்னாக்கா, யாருக்கு?”

பியாட்ரிஸ் சொன்னாள். சூடாமணிக்கு உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஐயோ, நானும் சைன் போட்டேனேக்கா.”

“நீ பாக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. உறையில போட்டது நான். அழாத. லேபிள ஒட்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா, முதல் டோஸ் இப்போ.”

மருந்தகத் தலைவர் ஷரஃபுதீன் விஷயம் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு அவளை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அவள் குடித்தாள். “பியாட்ரிஸ்மா, நீங்களே சொன்னீங்களே, அதனாலதான் அந்தம்மாவுக்கு இப்ப மருந்து ஏறிக்கிட்டிருக்கு. அத மறக்காதீங்க” என்றார். அவர் நல்ல மனிதர். அவள் தலையை ஆட்டினாள். சொன்ன சொல்லின் அர்த்தம் புரிந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மருத்துவக் கண்காணிப்பாளர் ஸ்ரீநாத்தை அழைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவன் கத்தியதாகவும், யார் அந்த ஆள், இன்னும் வேலையில் இருக்கிறாளா என்று கேட்டதாகவும் ஷரஃபுதீன் சொல்லித் தெரிந்தது. மறுநாள் அவளைக் கவுன்டரிலிருந்து எடுத்துப் பின்பக்கக் கிடங்கில் போட்டார்கள். காலாவதித் தேதி பார்த்து அடுக்கும் வேலை. பதினேழாம் படுக்கைக்கான ஃபோலினிக் ஆசிட்டை மட்டும், தன் ஷிஃப்டில் வரும் டோஸ்களைத் தானே எடுத்து வைப்பதாக அவள் கேட்டுக்கொண்டாள். கூட இன்னொருவர் பார்க்கட்டும் என்று சொல்லி ஷரஃபுதீன் ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஸ்ரீநாத் கிடங்கு வாசலில் வந்து நின்றான். தூங்காத முகம். கத்தப்போகிறான் என்று அவள் எழுந்து நின்றாள்.

“அன்னிக்கு நீங்க பிரிச்சுக் காட்டறேன்னு சொன்னீங்க இல்லை?” என்றான்.

“சொன்னேன் சார்.”

“நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

“நீங்க வேண்டாம்னு சொன்னாலும் காட்டித்தான் தரணும். அது என் வேலை சார்.”

அவன் திரும்பிப் படியேறிப் போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று அவள் யோசித்தாள். அதுவும் தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள்.

தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக லேப் முடிவில் அந்த அம்மாளின் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்ப்பாள். எழுநூறு. அறுநூறு. மறுபடி அறுநூறு. அந்த நாள்களில் விஜயலக்ஷ்மியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தனி அறையில் வைத்திருந்தார்கள். முடி கொத்தாக உதிர்ந்ததாக நர்ஸ் சொன்னாள். எண்ணைப் பார்த்துவிட்டுத் திரையை மூடுவாள் பியாட்ரிஸ். ஜெபம் செய்ய வேண்டும் என்று தோன்றும். வாய் வார்த்தைகளைச் சொல்லும், அவ்வளவுதான்.

வீட்டில் முதல் நாளே லியோனார்டிடம் சொல்லியிருந்தாள். அவர் நாலைந்து நாள் பார்த்துவிட்டு, “இப்பிடியே எவ்ளோ நாள் இருப்ப பியா? வா, ஃபாதர பாத்துட்டு வரலாம்” என்று சாந்தோம் கோயிலுக்கு அழைத்துப் போனார். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அவள் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொன்னாள். மனசறிந்து செய்யாதது பாவமில்லை என்றார் பாதிரியார்.

“பாவம்னு சொன்னாக்கூட சரிதான் ஃபாதர்” என்றாள் அவள். “ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

அவர் பரிகாரமாக மாதாவின் அருள்நிறை மந்திரத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்தாள். லியோனார்ட் வாசலில் வேர்க்கடலை வாங்கி வைத்திருந்தார். இருவரும் தின்றுகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

விசாரணைக் குழு கூடிய அன்று கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். உறையில் போட்ட அந்தக் கணம் அவளுக்கு நினைவே இல்லை. எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தும் அந்த இடத்தில் ஒரு வெறுமைதான் இருந்தது. திரையில் ஒரு பெண் தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசுகிறாள். அவள் கைகள் இரண்டு அட்டைகளை எடுக்கின்றன, இரண்டு உறைகளில் போடுகின்றன. மொத்தம் பதினொரு விநாடி. அந்தக் கைகளில் பியாட்ரிஸின் வளையல் இருந்தது. யாரோ மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினார்கள். குழுவில் ஒருவர், “தப்பு ஆள் மேல இல்ல, முறை மேல. ரெண்டாவது ஆள் உறையில போட்ட பிறகுதான் பாக்கணும். உறை கண்ணாடி மாதிரி தெரியணும். மருந்து எடுக்கும்போது போன் எடுக்கக்கூடாது” என்று எழுதிக்கொண்டார். எல்லாம் சரியான யோசனைகள். அவளிடம் கேட்டபோது, வாரம் ஒரு முறை மருந்தை ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்க்கச் சொன்னாள். நாலு வாரத்துக்கு எட்டு மாத்திரைதான். எட்டோடு தீர்ந்து, வாங்க வரும்போது யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

எண்கள் ஏறத் தொடங்கின. தொள்ளாயிரம். ஆயிரத்து எண்ணூறு. மூவாயிரத்து நானூறு. அன்று மருந்தகத்தில் சூடாமணி எல்லாருக்கும் பாதுஷா வாங்கி வந்து கொடுத்தாள். பியாட்ரிஸும் ஒன்று எடுத்துக்கொண்டாள். நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். உள்ளங்கையில் ஜீரா ஒட்டிக்கொண்டது. கழுவிவிட்டு வந்து வேலையைப் பார்த்தாள்.

டிஸ்சார்ஜ் நாளன்று மேலேயிருந்து ஆள் வந்தது. வீட்டு மருந்துகளை விளக்க வேறொருவரை அனுப்பியிருந்தார்கள். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, உறையில் எழுதினவள் யாரோ அவளே வரட்டும் என்று விஜயலக்ஷ்மி சொல்லிவிட்டாராம். ஷரஃபுதீன், “வேணாம்னா வேணாம்மா, நான் பேசிக்கறேன்” என்றார். பியாட்ரிஸ் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

விஜயலக்ஷ்மி தலையில் பருத்தித் துணி சுற்றி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வருஷம் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மடியில் ஒரு நோட்டு இருந்தது.

“உக்காருங்கோ. பேரென்ன?”

“பியாட்ரிஸ்ங்க.”

“அழகா எழுதறேள். நான் பசங்க நோட்டுல போடற மாதிரி ஒரு சந்தேகம் இல்லாம இருந்துது. அதான் நான் கேள்வியே கேக்காம சாப்ட்டுண்டே இருந்தேன்.”

பியாட்ரிஸ் தலைகுனிந்து நின்றாள். “மன்னிச்சிடுங்கம்மா” என்றாள். அந்த வார்த்தையைப் பத்து நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வெளியே வந்தபோது அது டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல் மாதிரி இருந்தது.

“உக்காருங்கோன்னேனே. கோவம் வரணும்னுதான் உங்களக் கூப்ட்டேன். பாத்தா வரும்னு நெனச்சேன். வரலே. உடம்புல அதுக்குத் தெம்பு இல்லையோ என்னவோ.”

“எனக்கு அழுகை வரலைங்க. வீட்டுல, கோயில்ல, எங்கயும் வரல” என்றாள் பியாட்ரிஸ். ஏன் இதைச் சொன்னோம் என்று உடனே தோன்றியது.

விஜயலக்ஷ்மி நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். “சரி. ஒண்ணொண்ணா சொல்லுங்கோ. இந்தத் தடவை நான் எழுதிக்கறேன். நான் எழுதினத நீங்க படிச்சுப் பாக்கணும்.”

பியாட்ரிஸ் ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் கையில் கொடுத்தாள். பெயர், நிறம், எதற்காக, எப்போது, எத்தனை நாள். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டார்கள். மீதி ஐந்து மருந்து. விஜயலக்ஷ்மி கட்டம் போட்டு எழுதினார். ஓரிடத்தில் ‘காலை’ என்பதற்குப் பதில் ‘மாலை’ என்று எழுதிவிட்டார். பியாட்ரிஸ் சுட்டிக் காட்டினாள். அடித்துத் திருத்தினார். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. முடிந்ததும் நோட்டை மூடி, “சரி, போய்ட்டு வாங்கோ” என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவர் அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஸ்ரீநாத் வேறிடத்தில் காட்டுவதாகக் கேள்விப்பட்டாள். வழக்குப் போடவில்லை. பியாட்ரிஸின் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. டிசம்பரில் கண்ணாடி போலத் தெரியும் உறைகள் வந்தன. உறையில் போட்ட பிறகு இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்பதால் வரிசை நீண்டது. ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள். ஜனவரியில் அவளை மறுபடி கவுன்டரில் உட்காரச் சொன்னார்கள். கிடங்கிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். “இருபத்தேழு வருஷம் பாத்த கண்ணு. கிடங்குல வச்சு நான் என்ன பண்ண?” என்றார் ஷரஃபுதீன். உட்கார்ந்தாள். முதல் டோக்கனுக்குச் சர்க்கரை மாத்திரை. பெயரை மூன்று தரம் படித்தாள், நாலாவது தரமும் படித்தாள், பிரித்துக் காட்டிக் கொடுத்தாள். வாங்கினவர் மணியைப் பார்த்துக்கொண்டே போனார்.

மார்ச் மாதம் ஒரு பகல். அவளுக்கு மத்தியான ஷிஃப்ட். மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் காய்கறிக் கடை முன்னால் விஜயலக்ஷ்மி நின்றுகொண்டிருந்தார். தலையில் துணி இல்லை. முடி விரற்கடை அளவு வளர்ந்து நரையாக நின்றது. அவரைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பியாட்ரிஸ் விலகிப் போய்விட நினைத்தாள். அதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

“ட்யூட்டிக்குக் கிளம்பியாச்சா?” என்று கேட்டார், தெருவில் தினம் பார்க்கிறவர்களைக் கேட்பது போல.

“ஆமாங்க. உடம்பு எப்படி இருக்கு?”

“நடக்கறேன். சாப்பிடறேன். கை கொஞ்சம் மரத்துப்போறது. வெய்யில்ல நிக்காதேங்கோ, போங்கோ.”

அவர் கடைக்காரரிடம் திரும்பிக் கால் கிலோ போடச் சொன்னார்.

பியாட்ரிஸ் ஸ்டேஷன் படி ஏறி பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாள். ஒரு ரயில் வந்து போனது. அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று வந்து போனது. அழுகை வருகிறதோ என்று நினைத்தாள். வரவில்லை. முழங்கால் மட்டும் லேசாக நடுங்கியது, வெகுதூரம் நடந்து வந்தது போல. அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது ரயில் வந்தபோது நடுக்கம் நின்றிருந்தது. ஏறிக்கொண்டாள். கஸ்தூரிபா நகரில் இறங்கியபோது இருபது நிமிஷம் லேட். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் லேட்டாகப் போனது அதுதான் முதல் தடவை. அதுவரை பியாட்ரிஸின் கவுன்டரைப் பார்த்துக்கொண்டிருந்த சூடாமணி எழுந்து இடம் விட்டாள்.